வெறுங்கோட்டைக்குள் ஒரு கல் யானை

அத்தியாயம் 6

ஒட்டகம் பறந்தான்.

டயர்க் கடை வாசலில் நின்று மரியாதையாக ஒரு கேள்விதான் கேட்டிருந்தான். பதிலாக இரண்டு கைகள் அவன் சட்டைக் காலரையும் பெல்ட்டையும் சேர்த்துப் பிடித்துத் தரையிலிருந்து பெயர்த்து, லாரி டயர்கள் அடுக்கியிருந்த மூலைக்கு அனுப்பிவைத்தன. அடுக்கு சரிந்தது. உச்சியில் இருந்த டயர் அவன் விலாவின் மேல் ஏறி இறங்கி, தன் பாட்டுக்கு உருண்டு தெருவுக்குப் போயிற்று. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. நாக்கால் துழாவிப் பார்த்தான். பற்களில் யாரும் வெளியூர் போகவில்லை.

"கேப்டன்," என்றான் படுத்தபடியே. "இவருக்குப் பேச விருப்பமில்லைன்னு நினைக்கிறேன்."

உயரமும் கழுத்து நீளமும் சேர்ந்து அவனுக்கு ஒட்டகம் என்ற பெயரை வாங்கிக்கொடுத்திருந்தன. கேப்டனிடம் சேரும் முன்பு ஒரு பாட்டுக் கச்சேரிக் குழுவில், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே ஜோக் சொல்லி நேரம் ஓட்டிக்கொண்டிருந்தவன். அடி வாங்கும்போதுகூட வாய் சும்மா இருக்காது. அந்த வாயால்தான் பாதி அடி.

கடைக்காரன் மறுபடி வந்தான். ஊரில் அவனைக் கொம்பன் என்பார்கள். ஒட்டகத்தின் தலைமுடியைக் கொத்தாகப் பற்றித் தூக்கி, வயிற்றில் ஒன்று விட்டான். ஒட்டகம் இரண்டாக மடிந்தான். அடுத்த குத்துக்குக் கொம்பன் கையை ஓங்கியபோது, டயருக்குக் காற்று அடிக்கும் குழாய் அவன் முகத்துக்கு நேரே சீறியது. தூசியும் காற்றும் கண்ணுக்குள் புகுந்து அவன் தள்ளாட, வீல் ஸ்பேனர் ஒன்று அவன் முழங்கை மூட்டில் அளவாக இறங்கியது. கொம்பன் அலறியபடி தரையில் உட்கார்ந்தான்.

கேப்டன் காற்றுக் குழாயை மாட்டியிருந்த ஆணியிலேயே திரும்ப மாட்டினார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. ஒரு காலத்தில் பெண்கள் வாலிபால் அணிக்குத் தலைவி. விளையாட்டு போய்விட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது. துப்பறியும் அலுவலகப் பலகையிலும் அந்தப் பெயர்தான் எழுதியிருந்தது.

"எலும்பு உடையல," என்றார் கொம்பனிடம். "அடுத்த அடி அப்படி இருக்காது. இப்பப் பேசலாமா?"

விஷயம் ஒரு கொலை.

ஏழு கோட்டை என்றொரு கார்டு விளையாட்டு. ராஜா, ராணி, ஜாக்கி கிடையாது. ஆளுக்கு அறுபது கார்டு, அந்த அறுபதையும் ஆயிரக்கணக்கான கார்டுகளிலிருந்து அவரவரே பொறுக்கிச் சேர்க்க வேண்டும். அதை டெக் கட்டுவது என்பார்கள். கார்டுகளில் இரண்டு வகை. கழுகு, அரக்கன், யானை என்று போய் எதிராளியின் கோட்டையை இடிப்பவை படை. இன்னொரு வகை வசியம். அது யாரையும் இடிக்காது. மேசையில் போட்ட இடத்தில் கிடந்தபடியே ஆட்டத்தைத் தன் இஷ்டத்துக்கு வளைக்கும்.

படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்காரரின் மகள் வசிய டெக் கட்டுவதில் கைகாரி. அவளுக்கு எதிரில் உட்கார்ந்தவன் கையில் எத்தனை பெரிய படை இருந்தாலும் எதையும் செய்ய முடியாமல் விழித்துவிட்டு எழுந்து போவான். மை வைத்துவிடுகிறாள் என்று சொல்லிச் சொல்லி, மைக்காரி என்பதே அவள் பெயராகிவிட்டது. போன வருஷ இறுதியில் தன்னை ஜெயித்த கொம்பனை இந்த வருஷம் அரை இறுதியிலேயே தோற்கடித்தாள். உன் விரலை ஒடிக்கிறேன் பார் என்று அவன் கூட்டத்தின் நடுவே கத்தினான். இறுதியில் ஜெயிப்பவர் உலகப் போட்டிக்குக் கடல் தாண்டிப் போகலாம். அந்த இறுதிக்கான டெக்கைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், அவளுடைய அப்பாவின் பட்டறையிலேயே அவளை அடித்துக் கொன்றிருந்தார்கள். சட்டம் அடிக்கும் மரக் கொட்டாப்புளி, மண்டையின் பின்பக்கம், ஒன்றுக்கு மேற்பட்ட அடிகள். வெளியே போயிருந்த அப்பா திரும்பி வந்து கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே அவளைப் பார்த்தார்.

பின்பக்க ஜன்னல் உடைந்திருந்ததால் திருடன் என்று முடிவு கட்டினார் இன்ஸ்பெக்டர். மேசையில் கிடந்த கார்டுகளைக் கான்ஸ்டபிள் ஒருவர் பொறுப்பாக அள்ளி, ரப்பர் பேண்ட் போட்டுப் பைக்குள் வைத்துவிட்டார். எது எங்கே கிடந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. திருடன் கதையை நம்பாத அப்பாவுக்காகக் கேப்டன் போய்க் கேட்டபோது, பொம்மைப் படம்தானே மேடம், பார்த்துட்டுக் குடுங்க என்று கையில் கொடுத்தார் இன்ஸ்பெக்டர்.

பையில் இருந்தவை வசிய கார்டுகள். ஒன்றைத் தவிர. அந்த ஒன்று, கல் யானை. படை.

அந்தப் பையை அப்படியே எடுத்துக்கொண்டு முதல் நாள் அவர்கள் போனது கார்டு கடையின் மாடிக்கு. அங்கே போட்டிகளுக்கெல்லாம் நடுவராக இருப்பவர் பகலில் பிசியோதெரபிஸ்ட். மெலிந்த உருவம், அதிராத பேச்சு. கார்டில் அழுக்குப் படக்கூடாது என்று வெள்ளைத் துணி உறை மாட்டிய கைகள். அவர்தான் பொறுமையாக உட்கார்ந்து விதிகளைச் சொல்லிக்கொடுத்தார். மைக்காரியைப் பற்றிப் பேசும்போது இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார். வசிய டெக்குக்குள் யானை எப்படி வந்தது என்று கேட்டதற்கு, காவலுக்கு ஒரு படையை எல்லோரும் வைப்பார்கள், அவளுடைய பழைய டெக்கிலும் உண்டு, அதில் ஒன்றுமில்லை என்றார். அவர்கள் படி இறங்கும்போது, கொம்பனிடம் பேசுவதானால் ஜாக்கிரதை, அடிக்கக் கை சட்டென்று நீளும் என்றும் சொல்லி அனுப்பினார்.

கை நீளும் என்பதை ஒட்டகத்தின் விலா இப்போது ஒப்புக்கொண்டது.

கொம்பன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு முனகி முனகிச் சொன்னான். மிரட்டியது உண்மை. கொன்றது பொய். அன்று மத்தியானத்திலிருந்தே ஆஸ்பத்திரியில்தான் இருந்தான். மனைவிக்குப் பிரசவம், பெண் குழந்தை, தாதியைக் கேட்டுக்கொள்ளலாம். பேசும்போதே சட்டைப்பையில் இருந்து போனை எடுத்து, துணியில் சுற்றிய ஒரு சிவந்த முகத்தைக் காட்டினான். அப்பாவைப் போலவே குழந்தைக்கும் கழுத்தைக் காணவில்லை என்று ஒட்டகத்துக்குத் தோன்றியது. சொல்லவில்லை. வயிறு இன்னும் வலித்தது.

"அப்புறம் ஏன் இவனைத் தூக்கிப் போட்டே?" என்றார் கேப்டன்.

"அவ பேரைச் சொன்னதும் பயந்துட்டேன். எல்லாரும் என்னைத்தான் சொல்லுவாங்க. குழந்தை பொறந்த வீட்டுல போலீஸ் வந்து நின்னா எப்படி இருக்கும்?"

கல் யானையைக் காட்டினார்கள். தன்னுடையது இல்லை என்றான். மெதுவாக நடக்கும், ஆனால் வந்துவிட்டால் எந்தக் கோட்டையும் நிற்காது, பொறுமைசாலிகள் வைக்கிற கார்டு, தனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது என்றான். அதை நம்புவதில் ஒட்டகத்துக்குச் சிரமம் இருக்கவில்லை.

கேப்டன் கிளம்புகிறாற்போல் திரும்பியவர், போன வருஷம் மைக்காரியை இறுதியில் எப்படித் தோற்கடித்தாய் என்று சாதாரணமாகக் கேட்டார். கொம்பன் தரையைப் பார்த்தான். கேப்டன் ஸ்பேனரைப் பார்த்தார். கொம்பன் பேசினான்.

"யாரோ போன் பண்ணினான். துணியை வெச்சுப் பேசுற மாதிரி குரல். அவ என்ன டெக் கட்டறான்னு அப்படியே சொன்னான். அதை உடைக்கிற கார்டாப் பொறுக்கிட்டுப் போனேன், ஜெயிச்சேன். இந்த வருஷம் அரை இறுதிக்கும் சொன்னான். ஆனா அவ வேற டெக்கோட வந்து உக்காந்தா. நான் முட்டாளா நின்னேன்."

"அவனுக்கு என்ன லாபம்?"

"நானும் கேட்டேன். ஒண்ணும் வேண்டாம், அவ தோத்தாப் போதும்னான்."

அலுவலகத்துக்கு வந்ததும் கேப்டன் ஒட்டகத்தின் விலாவைத் துணியால் இறுக்கிக் கட்டினார். பிறகு கடையில் வாங்கியிருந்த உதிரி கார்டுகளை மேசையில் கொட்டி, மைக்காரியின் டெக்கை அப்படியே கட்டு என்றார். அவள் மாதிரி ஆடிப் பார்க்காமல் அவள் மேசையில் நடந்தது நமக்குப் புரியாது என்பது அவர் கட்சி.

"எனக்குக் கழுதை ஆட்டம்கூடத் தோக்கத்தான் தெரியும் கேப்டன்."

"அதனாலதான் உன்னைக் கட்டச் சொல்றேன். தெரிஞ்சவன் கட்டினா தப்பைத் திருத்திடுவான். நீ திருத்த மாட்டே."

பையில் இருந்ததைப் பார்த்துப் பார்த்து ஒட்டகம் கட்டினான். ஒரு வசியத்தை ஒரு டெக்கில் மூன்று வரை வைக்கலாம். மைக்காரி எல்லாவற்றிலும் மும்மூன்று வைத்திருந்தாள். மூடுபனி மூன்று, ஊமைமணி மூன்று, நடுவில் தூண் மாதிரி வெறுங்கோட்டை மூன்று. எதிராளியின் படை மேல் போட்டு அதைக் கட்டிப்போடும் விலங்கு என்ற கார்டு மட்டும் ஒன்றே ஒன்று இருந்தது. மொத்தத்தை எண்ணினால், யானையையும் சேர்த்து ஐம்பத்தொன்பது. போலீஸ்காரர் எண்ணத் தெரியாமல் எங்கோ விட்டிருப்பார் என்று நினைத்து, உதிரியிலிருந்து ஒரு விலங்கைச் சேர்த்துக்கொண்டான்.

ஆடினார்கள். கேப்டன் படை டெக். ஒட்டகம் வெறுங்கோட்டையைப் போட்டான், மூடுபனியைப் போட்டான், கையில் யானை வந்ததும் பெருமையாக அதையும் இறக்கினான். கேப்டன் கார்டைத் திருப்பி வைத்துப் படிக்கச் சொன்னார். வெறுங்கோட்டையின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது: உன் டெக்கின் படை எதுவும் மேசைக்கு வராத வரை உன் கோட்டையை எவரும் தொட முடியாது, வந்தால் வெறுங்கோட்டை இடியும்.

இடிந்தது. கேப்டனின் அரக்கன் இரண்டே அடியில் ஆட்டத்தை முடித்தான். மறு ஆட்டத்திலும் யானை இறங்கியது, கோட்டை விழுந்தது. மூன்றாவதில் ஒட்டகம் வெறுத்துப்போய் யானையைத் தூக்கி ஜன்னலோரம் வைத்துவிட்டு ஆடினான். கேப்டனால் அவனைத் தொடக்கூட முடியவில்லை. அரக்கன் வந்தான், விலங்கு விழுந்தது. கழுகு வந்தது, மூடுபனி மறைத்தது. பிறகு ஒட்டகம் வசிய மை என்ற கார்டைப் போட்டான். அதில் எழுதியிருந்தபடி கேப்டனின் அரக்கனையே தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான். இழுத்த படை உன் டெக்கின் படை ஆகாது என்று அதே கார்டில் அடுத்த வரி.

ஒட்டகத்தின் கை அரக்கன் மேலேயே நின்றது.

"கேப்டன். யானை அவ டெக்குல இல்லவே இல்ல. இழுத்திருக்கா."

"சொல்லு."

"எதிர்ல ஒருத்தன் உக்காந்து ஆடியிருக்கான். அவன் யானையை இவ மை போட்டு இந்தப் பக்கம் வாங்கிட்டா. அவன் அவளை அடிச்சுட்டு, திருடன் மாதிரி தெரியட்டும்னு ஜன்னலையும் உடைச்சுட்டு, தன் பக்கத்துல கிடந்ததை மட்டும் வாரிட்டு ஓடியிருக்கான். அவனோட யானை இவ பக்கத்துல மாட்டிக்கிச்சு." மூச்சு வாங்கியது. "அப்படின்னா குறையறது ஒரு விலங்கு இல்ல, ரெண்டு. அவன் படைமேல இவ போட்டு வெச்சிருந்தா. அதுவும் சேர்ந்து அவன்கூடப் போயிடுச்சு."

கேப்டன் தலையாட்டினார். பெரிய ஆட்டக்காரர்கள் எல்லோரும் புது டெக்கை ரகசியமாக ஒருவரோடு ஆடிப் பார்ப்பார்கள். மைக்காரிக்கும் அப்படி ஒருவன் இருந்திருக்கிறான். டெக்கைக் கொம்பனுக்குச் சொன்னதும் அவனாகத்தான் இருக்கும். சந்தேகம் வந்து அரை இறுதிக்கு முன்னால் அவள் அவனிடம் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லியிருக்கிறாள். கொம்பன் அதே தப்போடு வந்து நின்றதும் ஆள் யார் என்று அவளுக்கு ருசுவாகிவிட்டது.

"யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஊர்ல யானை வெச்சிருக்கிறவங்களை எல்லாம் வரிசையில நிக்க வெக்கலாமா?"

நடுவரைக் கேட்கலாம் என்றார் கேப்டன். அதற்கு முன் ஒரு காரியம் செய்தார். ஒட்டகம் கட்டிய டெக்கில் நாலைந்து வசியங்களை மாற்றினார். நடுவே ஒரு கழுகைச் செருகினார். இப்போதுதானே படை வந்தால் கோட்டை விழும் என்று கண்டுபிடித்தோம் என்று ஒட்டகம் பதறினான். கேப்டனுக்கு ஆட்டம் புரியவில்லை போலிருக்கிறது என்றும் உள்ளூர ஒரு சந்தோஷம் வந்தது. அவரோ, இது நீயாகக் கட்டினது என்று சொல்லு, வேறே எதுவும் பேசாதே என்றார்.

கார்டு கடையின் மாடியில் வெளிச்சம் இருக்கும்போதே போய்விட்டார்கள். மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு நடுவர் புதிதாக வந்த அட்டைப்பெட்டிகளைக் கத்தியால் பிரித்துக்கொண்டிருந்தார். தோளில் எப்போதும் தொங்கும் அந்தச் சின்னத் தோல் பை அப்போதும் தொங்கியது. சுவரோரம் ஆளுயரக் கண்ணாடி அலமாரியில் கோப்பைகள் மின்னின. ஒட்டகத்தின் வீங்கிய உதட்டைப் பார்த்து அவர் உச்சுக் கொட்டினார். நாற்காலி இழுத்துப் போட்டார். விலாவை வந்து காட்டுங்கள், சரிசெய்துவிடலாம் என்றார். நல்ல மனுஷன் என்று ஒட்டகம் நினைத்தான்.

கொம்பன் இல்லை என்று ஆகிவிட்டது, விசாரணை முட்டி நிற்கிறது என்று கேப்டன் அலுத்துக்கொண்டார். இவனுக்கு மட்டும் இந்த விளையாட்டுப் பைத்தியம் பிடித்துவிட்டது, ஏதோ வசிய டெக் கட்டியிருக்கிறான், பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

நடுவர் சிரித்தபடி டெக்கை வாங்கி விசிறி மாதிரி விரித்தார். கண்கள் வேகமாக ஓடின. இந்த மூடுபனிக்குப் பதில் இன்னொரு ஊமைமணி வைக்கலாம், இது பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தவர் ஒரு கார்டை உருவித் தனியே வைத்தார்.

"கழுகை எடுத்துடுங்க."

"ஏன் சார்?" என்றான் ஒட்டகம். "காவலுக்கு ஒண்ணு இருக்கட்டுமேன்னு..."

"இருக்கவே கூடாது. வெறுங்கோட்டை இருக்கிற டெக்குல சொந்தப் படையை எவனும் வெக்க மாட்டான். அது இறங்கின நிமிஷமே கோட்டை போச்சு. இது முதல் பாடம்..."

கழுகின் மேல் வைத்திருந்த விரலை மெதுவாக எடுத்தார்.

கீழே தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கேப்டன் தன் பையிலிருந்து மைக்காரியின் வெறுங்கோட்டை மூன்றையும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார்.

"நேத்து இதே மேசையில இதை உங்களுக்குக் காட்டினேன். யானை இருக்கறதுல ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க. விதி ராத்திரியோட மாறிடுச்சா?"

ஒட்டகத்துக்கு அப்போதுதான் கழுகு எதற்கு என்று புரிந்தது. எந்தப் பொய்யையும் நிதானமாகச் சொல்லக்கூடிய மனுஷன், தப்பான டெக்கைக் கையில் கொடுத்தால் திருத்தாமல் இருக்க முடியாது. நடுவரின் வியாதி அது. நேற்று பொய் சொன்னது, எதிரில் ஒருவன் உட்கார்ந்திருந்தான் என்று தெரிந்துவிடக்கூடாது என்பதற்காக. போட்டியாளரோடு நடுவர் தனியே ஆடக்கூடாது. அதனால்தான் ஒரு வருஷமாக அந்த ரகசியம் ரகசியமாகவே இருந்தது. இதற்கு மேல் அந்த ஆளுக்கு 'ர்' போட ஒட்டகத்துக்கு மனம் வரவில்லை.

"அந்தப் பையை இப்படிக் குடுங்க," என்றார் கேப்டன்.

நடுவன் அசைந்ததை ஒட்டகம் பார்க்கவே இல்லை. காதுக்கு அடியில், கழுத்து தோளோடு சேரும் இடத்தில் ஒரு கட்டைவிரல் ஆணி மாதிரி இறங்கியது. வலது கை முழுக்க மரத்துத் தொங்கிப்போனது. ஆட்கள் எந்த நரம்பில் துடிப்பார்கள் என்று சம்பளத்துக்குக் கற்றுக்கொண்டவன். மறு நொடி, பெட்டி பிரிக்கும் கத்தி ஒட்டகத்தின் தொண்டைக் குமிழில் அழுந்தியது. சூடாக ஏதோ காலருக்குள் வழிந்தது. அது தன் ரத்தம்தான் என்பது சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது.

"கிட்ட வந்தீங்கன்னா அறுத்துடுவேன்," என்றான் நடுவன். குரல் இப்போதும் அதிரவில்லை.

கேப்டன் நின்ற இடத்திலேயே நின்றார். கையைப் பக்கவாட்டில் தளர்த்தி வைத்துக்கொண்டு, அவளை எதற்கு அடித்தாய் என்று மட்டும் கேட்டார். நடுவன் ஒட்டகத்தை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தபடியே சொன்னான். வாரத்துக்கு ஒரு நாள், அப்பா இல்லாத மாலையில், அவளும் அவனும் ஆடுவார்கள். அவனுக்கு அந்த ஒரு நாள்தான் வாரம். ஜெயித்தால் அவள் கடல் தாண்டிப் போய்விடுவாள். போன வருஷம் தோற்றாள், இங்கேயே இருந்தாள். இந்த வருஷமும் தோற்றிருந்தால் இருந்திருப்பாள். அன்றைக்கு யானையின் மேல் வசிய மையைப் போட்டுத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே, கொம்பனுக்குச் சொன்னது நீதானே என்று கேட்டாளாம். கேட்டுவிட்டு அழவில்லை, திட்டவில்லை. இதுதான் நாம் ஆடும் கடைசி ஆட்டம், முடித்துவிட்டுப் போ என்று சொல்லி அடுத்த கார்டை எடுக்கக் குனிந்தாளாம். சுவரில் கொட்டாப்புளி தொங்கியது.

"அவ எனக்கு மை வெச்சுட்டா," என்றான். "நான் நானாவே இல்ல."

"அவ உன் யானைக்குத்தான் மை வெச்சா," என்றார் கேப்டன். "அடிச்சது உன் கை."

கத்தி இன்னும் அழுந்தியது. ஒட்டகத்துக்கு ஜோக் ஒன்றும் வரவில்லை. பின்னால் கண்ணாடி அலமாரி நெருங்குவது எதிர்ச்சுவர் விலகுவதிலிருந்து தெரிந்தது. இடது கை மட்டும் வேலை செய்தது. அதைக் கத்திக்கும் தொண்டைக்கும் நடுவே செருகிக்கொண்டு, இரண்டு காலையும் மேசை விளிம்பில் உதைத்து, தன் மொத்த நீளத்தையும் பின்னோக்கி எறிந்தான்.

அலமாரி வெடித்தது. கண்ணாடியும் கோப்பைகளும் இரண்டு பேர் மேலும் கொட்டின. கத்தி ஒட்டகத்தின் முன்கையை மணிக்கட்டிலிருந்து கிழித்துக்கொண்டு போனது. நடுவன் அவன் மேல் புரண்டு ஏறினான். வெள்ளை உறை சிவப்பாகியிருந்தது. ஒரு பித்தளைக் கோப்பையைப் பிடித்து ஒட்டகத்தின் முகத்தில் இறக்கினான். ஒரு அடி. கண் இருண்டது. இன்னொரு அடிக்குக் கோப்பை மேலே போனது.

அது இறங்கவில்லை. கேப்டனின் வலது உள்ளங்கை, வலைக்கு மேலே எழும்பிய பந்தை அறைகிற அதே வீச்சில், நடுவனின் காதில் விழுந்தது. தலை பக்கவாட்டில் திரும்பி அலமாரிச் சட்டத்தின் விளிம்பில் மோதியது. விழுந்தவன் தரையைத் துழாவி ஒரு நீளமான கண்ணாடிச் சில்லைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டு எழுந்து, அவர் தொடையைக் குறிவைத்துக் குத்தினான். புடவையைக் கிழித்துக்கொண்டு அது உள்ளே இறங்கியது. கேப்டன் அந்தக் கையைத் தரையோடு சேர்த்து மிதித்தார். எலும்பு முறிகிற சத்தம் ஒட்டகத்துக்குத் தெளிவாகக் கேட்டது.

"இது உடைஞ்சுது," என்றார் கேப்டன், மூச்சிரைக்க.

போலீஸ் வந்தபின் பையைத் திறந்தார்கள். கறுப்பு டப்பாவுக்குள் ஒரு டெக். அன்றைக்கு அள்ளியதிலிருந்து அவன் அதைப் பிரிக்கவே இல்லை. அரக்கன் ஒன்றோடும் கழுகு ஒன்றோடும் ஒட்டிக்கொண்டு அவள் போட்ட இரண்டு விலங்குகளும் உள்ளே இருந்தன. இன்ஸ்பெக்டர் அவற்றை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பொம்மைப் படம் என்று இந்த முறை சொல்லவில்லை.

மறு நாள் படச் சட்டக் கடைக்குப் போனார்கள். ஒட்டகத்தின் கையில் தோள் வரை கட்டு, முகத்தில் பாதி வீக்கம். கேப்டன் நொண்டினார். பட்டறையில் கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டித் தள்ளியாகிவிட்டது. தரையில் ஓரிடத்தை மட்டும் மரத்தூள் போட்டு மூடியிருந்தது. அந்த இடத்தைச் சுற்றித்தான் எல்லோரும் நடந்தார்கள்.

யார், எதற்கு என்று கேப்டன் அவளுடைய அப்பாவிடம் ஒன்று விடாமல் சொன்னார். இனிப்புத் தடவிச் சொல்வது அவருக்குப் பழக்கமில்லை. அந்த ஆள் இரண்டு முறை கடைக்கு வந்து சான்றிதழுக்குச் சட்டம் போட்டுக்கொண்டு போனது அப்பாவுக்கு நினைவு வந்தது. வலி இருக்கிறது என்று சொன்னதற்கு அவருடைய தோளைக்கூடப் பிடித்துவிட்டானாம். அதைச் சொல்லிவிட்டு அந்தத் தோளை இன்னொரு கையால் அழுத்தித் துடைத்தார், ஏதோ ஒட்டியிருக்கிற மாதிரி.

பிறகு ஒட்டகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, நீங்க அந்த விளையாட்டைக் கத்துக்கிட்டீங்களாமே. அங்க போயிருந்தா ஜெயிச்சிருப்பாளா?"

ஆமாம் என்று சொல்லிவிட ஒட்டகத்துக்கு வாய் வரை வந்தது. கேப்டனைப் பார்த்தான். அவர் உதவவில்லை.

"அது எனக்குத் தெரியாதுங்கய்யா. நான் மூணு ஆட்டம் ஆடினவன்." பேசப் பேசத் தொண்டையில் தையல் இழுத்தது. "ஆனா போயிருப்பாங்க. அது நிச்சயம். அவங்க கட்டின அந்த டெக்கை இங்க உடைக்கிறதுக்கு ஆளே இல்ல."

அப்பா தலையை மட்டும் ஆட்டினார். கண்ணைத் துடைக்காமல் எழுந்து மேசைக்குப் போனார். யாரோ ஒரு குடும்பத்தின் கல்யாணப் படம், மூன்று பக்கம் சட்டம் அடித்து நாலாவது பக்கம் பாக்கியாகக் கிடந்தது. மகள் தொடங்கி வைத்த வேலை. அவர் மரத்துண்டை எடுத்து ரம்பத்துக்கு வாகாக வைத்தார். ஒரு முனை ஆடியது. பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இருக்கிற பழக்கத்தில் கையை நீட்டிவிட்டு, நீட்டிய கையோடு நின்றார்.

ஒட்டகம் போய் நல்ல கையால் அந்த முனையைப் பிடித்தான்.

"ஆட்டாமப் பிடிங்க," என்றார் அப்பா.

ஒட்டகம் ஆட்டாமல் பிடித்துக்கொண்டான். ரம்பம் ஓடத் தொடங்கியது.